நமது மலையின் களஞ்சியம்



செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை உள்ள நாள்களைத் திருஅவை 'படைப்பின் காலம்' என்று கடைப்பிடிக்கிறது. இந்நாள்களில் நம் பங்குகளில் மரக்கன்று நடுகிறோம், மஞ்சப்பை வழங்குகிறோம், பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறோம். எல்லாம் நல்லவையே. இவற்றோடு இன்று ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம். காலநிலை மாறிவருகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். அப்படியானால், சேர்வராயன் மலைமேல் வாழும் நாமும், அதன் அடிவாரத்தில் வாழும் நாமும் அதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்?

விவிலியத்தில் இதே கேள்வியைச் சந்தித்தவர் யோசேப்பு. ஏழு ஆண்டுகள் செழிப்பு, அதன்பின் ஏழு ஆண்டுகள் பஞ்சம் என்று பார்வோனின் கனவுக்கு அவர் பொருள் சொன்னார். பொருள் சொன்னதோடு அவர் நிறுத்தவில்லை. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்க வேண்டும் என்று அளவும் சொன்னார். ஒவ்வொரு நகரைச் சுற்றியுள்ள வயல்களின் தானியத்தை அந்தந்த நகரிலேயே சேமித்துவைத்தார். பஞ்சம் வந்தபின் ஓடவில்லை. நல்ல ஆண்டுகளிலேயே களஞ்சியம் கட்டினார். நமது மலைக்கும் ஒரு களஞ்சியம் வேண்டும். அதில் எதைச் சேமிப்பது, யார் சேமிப்பது, சாவி யாரிடம் இருப்பது என்பதே இன்றைய நம் சிந்தனை.

இரண்டு வேலைகள்

காலநிலை பற்றிய பேச்சில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று தணித்தல், மற்றொன்று தகவமைத்தல். இரண்டையும் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஊரில் கொசு பெருகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாக்கடையைச் சுத்தம் செய்வது ஒரு வேலை. இரவில் கொசுவலை கட்டிப் படுப்பது இன்னொரு வேலை. சாக்கடை சுத்தமாகும்வரை வலையில்லாமல் பிள்ளைகளைப் படுக்கவைக்க முடியாது. வலைதான் இருக்கிறதே என்று சாக்கடையை அப்படியே விட்டுவிடவும் முடியாது.

நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிவதால் காற்றில் சேரும் கரியமில வாயுவைக் குறைப்பது தணித்தல். சூரிய ஒளி, காற்று, நீர் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது இதில் சேரும். ஏற்கெனவே வந்துவிட்ட வெப்பத்தையும் ஒழுங்குமாறிய மழையையும் தாங்கி வாழ வழி செய்வது தகவமைத்தல். நிழல் மரங்கள், நீர் ஊற்றுகளைக் காப்பது, உறுதியான சாலை, முன்னெச்சரிக்கை எல்லாம் இதில் அடங்கும்.

இதில் ஒரு நீதிக் கேள்வியும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 14 டன் கரியமில வாயு வெளியாகக் காரணமாகிறார். இந்தியாவில் அது ஏறத்தாழ 2 டன். சேர்வராயன் மலையில் சாமையும் தினையும் விதைத்து, தோட்டங்களில் கூலி வேலையும் செய்து வாழும் பழங்குடிக் குடும்பத்தின் பங்கு அந்த 2 டன்னிலும் மிகச் சிறிது. ஆனால் மழை பொய்த்தாலும் மழை கொட்டினாலும் முதலில் அடி விழுவது அவர்கள்மேல்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில் பூமியின் காயத்தையும் ஏழைகளின் துயரத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று கற்பித்ததன் பொருள் இதுவே.

மேலே ஏற இடமில்லை

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கும் சற்று அதிகமாக வெப்பம் குறையும். அதனால்தான் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் வாகனங்களால் நிரம்புகின்றன.

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததும் இந்தக் குளிர்ச்சியை நம்பித்தான். இங்கே அதிகமாக விளைவது அராபிகா வகை. அதற்கு 15 முதல் 25 டிகிரி வரையுள்ள வெப்பம் ஏற்றது. வெப்பம் கூடினால் என்ன செய்வது? உலகின் பல மலைகளில் உழவர்கள் பயிரை இன்னும் உயரமான இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே ஏற இடமுண்டு. சேர்வராயன் மலையின் மிக உயரமான இடமோ 1,600 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. சமவெளியின் நடுவே தீவுபோல நிற்கும் மலை இது. இங்கே பயிருக்கும் சரி, பறவைக்கும் காட்டெருமைக்கும் சரி, மேலே ஏற இடமில்லை. இருக்கும் இடத்திலேயே குளிர்ச்சியைக் காத்துக்கொள்ள வேண்டும்.

எப்படிக் காப்பது? நிழலால்தான். காபிச் செடிக்கு மேலே பலாவும் அத்தியும் முள்முருங்கையும் சில்வர் ஓக்கும் நின்றால், கீழே வெப்பம் குறைகிறது; மண் ஈரம் காக்கிறது; உதிரும் இலை உரமாகிறது. நிழல் குறைந்த தோட்டத்தில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு பெருகுகிறது. அதன் புழு தண்டுக்குள் குடைந்து செடியையே கொன்றுவிடும். வெயில் படும் தண்டுகளைத்தான் அந்த வண்டு தேடி முட்டையிடுகிறது. நம் பெரியவர்கள் நிழல் மரத்தை வெட்டத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. ஒரு நிழல் மரம் தகவமைத்தல் வேலையையும் செய்கிறது. காற்றிலுள்ள கரியைத் தன் உடலில் சேர்த்துவைத்துத் தணித்தல் வேலையையும் செய்கிறது. களஞ்சியத்தில் நாம் சேர்க்கவேண்டிய முதல் பொருள் நிழல்.

மழை வரும் விதம் மாறுகிறது

காபி உழவர்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானத்தையே பார்த்திருப்பார்கள். அப்போது பெய்யும் பூ மழையில்தான் மொட்டு விரியும். அதன்பின் சில வாரங்களில் இன்னொரு மழை வந்தால்தான் காய் பிடிக்கும். அறுவடையோ நவம்பரில் தொடங்கி சனவரி வரை நீளும். அப்போது வெயில் வேண்டும், களத்தில் காபி காய வேண்டும். ஆண்டு முழுவதும் பெய்த மழையின் மொத்த அளவு சரியாக இருந்தாலும், பூ மழை தவறி, அறுவடையில் மழை கொட்டினால் அந்த ஆண்டு வீண்தான்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் நமக்கு இதை உணர்த்தியது. கடற்கரையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் நம் பகுதியில் அதன் மழை கொட்டித் தீர்த்தது. அருகிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு உயிர்கள் போயின. புயல் என்றால் கடலோரத்து மக்களின் கவலை என்று நாம் இனி நினைக்க முடியாது.

ஒரே நாளில் கொட்டும் மழை மண்ணுக்குள் இறங்குவதில்லை. மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. அதே இடத்தில் மூன்று மாதம் கழித்து ஊற்று வறண்டு, பெண்கள் குடத்தோடு நடக்கிறார்கள். வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரு முகங்கள்.

இது மலைமேல் இருப்பவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. திருமணிமுத்தாறும் சரபங்காவும் நம் மலையில் பிறந்து சேலம், நாமக்கல் சமவெளிகளைக் கடந்து காவிரியில் சேர்கின்றன. வாணியாறு வடபுறம் இறங்கித் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அணையை நிரப்புகிறது. மலையில் வெட்டிய மரத்தின் கணக்கு அடிவாரத்துக் கிணற்றில் தெரியும்.

சிக்கிம் மாநிலத்து மலைமக்களிடம் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அங்கேயும் ஊற்றுகள் வற்றின. 2008-ஆம் ஆண்டு முதல் 'தாரா விகாஸ்' என்ற திட்டத்தின்கீழ், எந்த ஊற்றுக்கு எந்தச் சரிவிலிருந்து நீர் வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். பிறகு அந்தச் சரிவில் குறுக்கே வரிசை வரிசையாகச் சிறிய அகழிகள் வெட்டினார்கள். ஓடும் மழைநீர் அங்கே நின்று, மண்ணுக்குள் இறங்கி, கீழே ஊற்றாக வெளிவந்தது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் ஊர் மக்களே மண்வெட்டியால் செய்தார்கள். ஆனால் மண்சரிவு ஆபத்துள்ள செங்குத்துச் சரிவில் அகழி வெட்டினால் கேடு வரும். அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்க நிலவியல் தெரிந்தவரின் துணை வேண்டும். களஞ்சியத்தில் சேர்க்கவேண்டிய இரண்டாவது பொருள் மண்ணுக்குள் இறக்கிய மழை.

விளக்கு எங்கிருந்து எரிகிறது

இனி மின்சாரத்துக்கு வருவோம். நம் மலையிலிருந்து மேற்கே பார்த்தால் மேட்டூர். 1934-இல் அணை கட்டி முடிந்தது. அதன்பின் நீர்மின்சாரம் வந்தது. 1987-இல் தொடங்கிய அனல்மின் நிலையம் இன்று இரு பகுதிகளாகச் சேர்ந்து 1,440 மெகாவாட் திறன் கொண்டது. அதற்கு ஒடிசா மாநிலத்துச் சுரங்கங்களிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் நிலக்கரி வருகிறது. நாம் இரவில் போடும் விளக்குக்குப் பின்னால் இத்தனை நீண்ட பயணம் இருக்கிறது.

2021-இல் கிளாஸ்கோ நகரில் நடந்த காலநிலை மாநாட்டில், 2030-க்குள் 500 கிகாவாட் தூய மின்திறன், 2070-க்குள் நிகர உமிழ்வு பூச்சியம் என்று இந்தியா உறுதி கூறியது. 2025-இன் நடுவில் நாட்டின் மொத்த மின்திறனில் பாதி, நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராததாகிவிட்டது. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் திறன் வேறு, உண்மையில் கிடைக்கும் மின்சாரம் வேறு. சூரியத் தகடு பகலில் மட்டும் வேலை செய்யும். நம் மாநிலத்தில் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுழலும், பிறகு தளரும். அதனால் நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்துவைக்கும் வழியே இனி பெரிய தேவை. யோசேப்பின் களஞ்சியம் இங்கும் வந்துவிடுகிறது.

நம் வீட்டுக் கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி இடம் போதும். நல்ல வெயிலில் அது நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும்; மூடுபனியும் மழையும் உள்ள மாதங்களில் மலைமேல் குறையும். 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் கூரைச் சூரியமின் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், மூன்று கிலோவாட் அல்லது அதற்கு மேல் 78,000 ரூபாயும் மானியம் உண்டு.

ஆனால் இரண்டு செய்திகளை யாரும் நமக்குச் சொல்வதில்லை. முதலாவது, மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த சூரியத் தகடு, கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியைச் சரிசெய்யும் ஊழியரின் உயிரைக் காக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் புயலில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், கூரை நிறையத் தகடு இருந்தும் வீடு இருட்டாகத்தான் இருக்கும். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் விளக்கு எரியும். எல்லா வீட்டிலும் பேட்டரி வாங்க முடியாது. ஆனால் சுகாதார நிலையத்திலும், பள்ளியிலும், ஊர்ப் பொதுக்கூடத்திலும், ஆலயத்திலும் வைக்க முடியும். தடுப்பூசி கெடாமல் இருக்கும், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறும், குடிநீர் மோட்டார் ஓடும், சாலை அடைபட்ட இரவில் மக்கள் தங்க வெளிச்சமான ஓர் இடம் இருக்கும். இப்படிச் செய்தால் தூய மின்சாரமே தகவமைத்தலும் ஆகிறது.

இரண்டாவது, மானியம் கூரை உள்ளவர்களுக்கு. எஸ்டேட் லயன் வீட்டில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளிக்குக் கூரை சொந்தமில்லை. அவருக்கு எந்த மானியமும் வந்து சேராது. பொதுக்கூடத்தின் கூரையில் போடும் தகடு ஒன்றுதான் அவருக்கும் வெளிச்சம் தரும். சிறு உழவர்கள் சேர்ந்து சூரிய வெப்பத்தில் இயங்கும் உலர்த்தும் கூடம் ஒன்று அமைத்தால், அறுவடையில் எதிர்பாராத தூறல் விழுந்தாலும் காபியும் மிளகும் பூசணம் பிடிக்காமல் காயும். களஞ்சியத்தின் மூன்றாவது பொருள், எல்லாருக்கும் பொதுவான வெயில்.

மலையைத் தோண்டி வரும் உலோகம்

தூய ஆற்றல் என்றாலே குற்றமற்றது என்று எண்ணிவிடவும் கூடாது. சூரியத் தகடுகளின் சட்டமும், ஊர் ஊராக மின்சாரம் கொண்டுபோகும் கம்பியும் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் பாக்சைட் என்ற மண்ணிலிருந்து வருகிறது. அந்தப் பாக்சைட் நம் சேர்வராயன் மலையின் தலையில் இருக்கிறது.

இது நமக்குப் புதிய கதை அல்ல. 1960-களில் மேட்டூரில் அலுமினிய ஆலை தொடங்கியபோது, அதற்கு வேண்டிய பாக்சைட்டைச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் தோண்டினார்கள். 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அந்த ஆலை அலுமினிய உற்பத்தியை நிறுத்தியது. ஒரு டன் அலுமினியத்துக்கு நான்கு டன்னுக்கும் அதிகமான பாக்சைட் வேண்டும். ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரமும் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் ஒரு வீடு அதே மின்சாரத்தில் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் வாழும்.

மலையுச்சியிலுள்ள பாக்சைட் படிவம் நுண்துளைகள் நிறைந்தது. மழைநீரை உறிஞ்சிக்கொண்டு மெல்லக் கசியவிடும். அதைச் சுரண்டி எடுத்தால் ஊற்றின் தாயை எடுத்துவிடுகிறோம். தூய மின்சாரத்துக்கு உலோகத்தின் தேவை வளரும் இக்காலத்தில், மலைகளைத் தோண்டலாமா என்ற கேள்வி மீண்டும் மீண்டும் எழும். அப்போது நாம் கேட்கவேண்டியது இதுதான்: இந்த மலை நமக்குத் தரும் நீரின் விலையைக் கணக்கில் சேர்த்தீர்களா? பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த, புதிதாகச் செய்வதற்கு வேண்டிய மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு போதும். நம் வீட்டு உடைந்த அலுமினியப் பாத்திரம் குப்பைக்குப் போகாமல் பழைய சாமான்காரரிடம் போனால், மலையின் ஒரு கூடை மண் மலையிலேயே இருக்கும்.

நிலத்தை விழுங்காத வழியும் உண்டு. வத்திக்கானில் பொதுச் சந்திப்பு நடைபெறும் திருத்தந்தை ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் 2008-இல் 2,000-க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. 2024-ஆம் ஆண்டு சூன் மாதம், வத்திக்கான் வானொலியின் ஒலிபரப்பு மையம் அமைந்துள்ள சாந்தா மரியா தி கலேரியா என்ற இடத்தில் சூரியமின் நிலையம் அமைக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் ஆணையிட்டார். தகடுகளின்கீழே வேளாண்மையும் தொடர வேண்டும் என்பதே அதன் சிறப்பு. மின்சாரத்துக்காக உழவரின் நிலத்தைப் பறிக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஓர் அடையாளம்.

சாவி யாரிடம்?

அன்புக்குரியவர்களே, யோசேப்பின் வரலாற்றில் நாம் அதிகம் வாசிக்காத ஒரு பகுதி உண்டு. தொடக்கநூலின் 47-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பஞ்சம் நீடித்தபோது மக்கள் தானியத்துக்காக முதலில் பணத்தைக் கொடுத்தார்கள். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்ததும் நிலத்தைக் கொடுத்து, இறுதியில் பார்வோனுக்கு அடிமைகளானார்கள். உயிர் பிழைத்தார்கள், உண்மைதான். ஆனால் தாங்கள் விளைவித்த தானியத்தையே விலை கொடுத்து வாங்கினார்கள். களஞ்சியம் நன்றாகக் கட்டப்பட்டது. அதன் சாவி மட்டும் மக்களிடம் இல்லை.

காலநிலைத் திட்டங்களிலும் இந்த ஆபத்து இருக்கிறது. காடு வளர்ப்பு என்ற பெயரில் பழங்குடியினரின் சாமைக்காடு போய்விடக் கூடாது. தூய மின்சாரம் என்ற பெயரில் மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போய்விடக் கூடாது. மண்சரிவு ஆபத்து என்று ஏழையின் குடிசையை மட்டும் அகற்றிவிட்டு, அதே சரிவில் விடுதி கட்ட அனுமதிப்பது திட்டம் ஆகாது.

உலக அளவிலும் சாவி பற்றிய வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009-இல் சொன்னார்கள். 2020-க்குள் வரவேண்டிய அந்தத் தொகை இரண்டு ஆண்டு தாமதமாகவே நிறைவேறியது. 2024-இல் பாக்கு நகரில் அதை 2035-க்குள் 30,000 கோடி டாலராக உயர்த்தச் சம்மதித்தபோது, அது போதவே போதாது என்று இந்தியா எழுந்து சொன்னது. வந்த பணத்திலும் பெரும்பகுதி தணித்தல் வேலைகளுக்குப் போகிறது. ஊற்றையும் சாலையையும் காக்கும் தகவமைத்தலுக்குச் சிறுபகுதியே கிடைக்கிறது. ஊற்றுநீரை விற்று இலாபம் ஈட்ட முடியாது அல்லவா?

நம் மாநிலத்தில் காலநிலை மாற்றத்துக்கென்று ஓர் இயக்கம் இருக்கிறது. மாவட்ட அளவிலும் அதற்கு அமைப்பு உண்டு. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் பசுமைத் தமிழகம் இயக்கம் 2022-இல் தொடங்கியது. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-இல் அரசு அறிவித்தது. திட்டங்கள் மேலே தயாராகின்றன. ஆனால் எந்த ஊற்று எந்த மாதம் வற்றுகிறது, எந்த வளைவில் முதலில் மண் சரியும், எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்பது ஊர்மக்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லும் இடம் கிராம சபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடுகிறது. அங்கே நாற்காலிகள் காலியாக இருந்தால், சாவியை நாமே கொடுத்துவிட்டோம் என்று பொருள்.

நாம் செய்யக்கூடியவை

ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியிலுள்ள ஊற்றுகள், கிணறுகள், ஓடைகள் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதட்டும். எந்த மாதம் நீர் இருக்கிறது, எந்த மாதம் இல்லை என்பதையும் முதியவர்களைக் கேட்டு எழுதட்டும். மதம், சாதி பாராமல் ஊரார் எல்லாரையும் இதில் சேர்த்துக்கொள்வோம். மழைக்கு மதம் இல்லை. அந்த நோட்டை அக்டோபர் 2 கிராம சபையில் வைத்து, எந்தச் சரிவில் நீரை நிறுத்துவது என்று தீர்மானம் கேட்போம்.

பங்குப் பேரவைகள் ஆலயத்தின், பள்ளியின் கூரைகளைப் பார்க்கட்டும். தகடு போடும்போது பேட்டரியையும் சேர்த்தே திட்டமிடுவோம். புயல் இரவில் கதவு யாருக்கெல்லாம் திறக்கும் என்பதையும் அன்றே எழுதிவைப்போம். மரம் நடும்போது எண்ணிக்கையைவிட, மூன்றாம் ஆண்டு எத்தனை மரம் உயிரோடு இருக்கிறது என்று கேட்போம். நாட்டு மரங்களை, நிழல் தரும் மரங்களை நடுவோம். சமவெளியில் இருப்பவர்கள் கோடையில் ஏற்காட்டுக்குப் போகும்போது, அங்கே நாம் குளிக்கும் ஒவ்வொரு வாளி நீரும் யாரோ ஒரு மலைக்கிராமத்தின் ஊற்றிலிருந்து வந்தது என்று நினைவில் வைப்போம்.

நமக்கு இன்னும் நல்ல ஆண்டுகள் சில கையில் இருக்கின்றன. பூ மழை இன்னும் முழுவதும் பொய்த்துவிடவில்லை. ஊற்றுகள் இன்னும் எல்லாம் வற்றிவிடவில்லை. வெயிலோ குறைவின்றிக் கிடைக்கிறது. இந்த ஆண்டுகளிலேயே களஞ்சியத்தைக் கட்டவும், அதன் சாவியை எளியவர்களின் கையில் வைக்கவும், படைத்த இறைவன் நமக்கு அறிவையும் மன உறுதியையும் தந்து, நம் மலையையும் அதன் அடிவாரத்து ஊர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.